மலைநாட்டு நடுக்கங்களை மட்டக்களப்பு வகுப்பறையில் படித்தல்: அமெரிக்க அதிர்வுப்படச் சேவை பற்றிய ஒரு மதிப்பீடு

உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிப்பவர்களுக்குப் பூமியதிர்ச்சிப் பாடம் ஓரிடத்தில் எப்போதும் தட்டுப்படும். தட்டுகளின் எல்லையை வரைந்து காட்டலாம். அலைகளின் வகைகளைச் சொல்லலாம். பருமன் என்பது நடுக்கத்துக்கு ஒன்றே, செறிவு என்பது இடத்துக்கு இடம் மாறுவது என்று எழுதிப் போடலாம். ஆனால் ஒரே நடுக்கத்தில் ஓர் ஊர் தரைமட்டமாகி, அதே மலையின் மறுபக்கத்து ஊர் சுவர் வெடிப்போடு தப்பியது எப்படி என்று ஒரு மாணவி கேட்டால், கரும்பலகை கைகொடுக்காது. அந்த இடத்தில் நான் துணைக்கு எடுத்துக்கொள்வது, ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் ‘ஷேக்மேப்’ என்ற அதிர்வுப்படச் சேவையை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், கட்டடத்துறை படிக்கும் மாணவர்களுக்கும் உதவும் என்று எண்ணி அதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இதை விடச் சிறந்த கற்பித்தற் சாதனம் இந்தப் பாடத்துக்கு இலவசமாகக் கிடைப்பதை நான் அறியேன், ஆயினும் மலைப்பிரதேசத்தின் மேல் அது பூசும் நிறங்களை, அவை எவ்வாறு வந்தன என்று தெரிந்துகொண்ட பின்னரே நம்ப வேண்டும்.

சேவையின் அமைப்பு எளிமையானது. உலகில் எங்கேனும் குறிப்பிடத்தக்க நடுக்கம் நிகழ்ந்தால், அந்நிகழ்வுக்கென ஒரு பக்கம் திறக்கப்படுகிறது. அதில் மேல்மையம், ஆழம், பருமன் ஆகியவற்றோடு, நிலம் எங்கே எவ்வளவு குலுங்கியது என்பதை வெள்ளையிலிருந்து நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனப் படிப்படியாகக் காட்டும் ஒரு படம் இருக்கும். நிறங்கள் திருத்திய மேர்க்கல்லிச் செறிவு அளவுத்திட்டத்தைச் சேர்ந்தவை. உரோம எண்களில் குறிக்கப்பட்டிருக்கும். 1994இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை உலுக்கிய நோர்த்றிட்ஜ் நடுக்கத்துக்குப் பின், 1990களின் பிற்பகுதியில் தெற்குக் கலிபோர்னியாவில் இது தொடங்கியது. கருவிகள் நெருக்கமாக நடப்பட்ட அந்த மண்ணில் பிறந்தது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. கருவிகள் அரிதான இமயமலைக்கு அதே படத்தை விரிக்கும்போதுதான் சிக்கல்கள் வெளியே வருகின்றன.

வகுப்பில் நான் வழக்கமாகத் திறப்பது 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிகழ்ந்த கோர்க்கா நடுக்கத்தின் பக்கத்தை. பருமன் 7.8. மேல்மையம் கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்தை அண்டியது. காத்மண்டுவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வடமேற்கே. மே 12ஆம் திகதி வந்த 7.3 பருமன் பின்னதிர்வையும் சேர்த்து ஏறக்குறைய 9,000 பேர் உயிரிழந்தனர். திரையில் படம் விரிந்ததும் மாணவர் எல்லோரும் முதலில் தேடுவது மேல்மையத்தைக் குறிக்கும் நட்சத்திரத்தைத்தான். அதைச் சுற்றி வட்ட வட்டமாக நிறங்கள் மங்கிச் செல்லும் என்று எதிர்பார்க்கிறார்கள். படமோ நட்சத்திரத்தை ஒரு மூலையில் விட்டுவிட்டு, கிழக்கு நோக்கி நீண்ட ஒரு பட்டையாகக் கிடக்கிறது. பாறைப் பிளவு பார்பாக்கில் தொடங்கி, காத்மண்டுவின் வடபுறத்தைக் கடந்து, கிழக்கே சுமார் 140 கிலோமீற்றர் வரை கிழிந்துகொண்டு சென்றது என்பதை அந்த வடிவம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது. மேல்மையம் இருந்த கோர்க்கா மாவட்டத்தில் இறந்தோர் சில நூறு பேர். கிழக்கே தொலைவிலிருந்த சிந்துபால்சோக்கில் 3,000க்கும் மேற்பட்டோர். மேல்மையம் என்பது பிளவு தொடங்கிய இடம் மட்டுமே என்பதை இந்த இரண்டு எண்களையும் படத்தையும் அருகருகே வைத்தால் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நடுக்கம் நிகழ்ந்த சில நிமிடங்களில் வரும் முதற்படமும், நாட்கள் கடந்து திருத்தப்பட்ட படமும் ஒன்றல்ல. பிளவு எவ்வளவு தூரம் ஓடியது என்று தெரிவதற்கு முன், கணிப்பு ஒரு புள்ளியைச் சுற்றியே வரையப்படும். ஆகவே செய்தித் தளங்கள் அவசரத்தில் எடுத்துப் போட்ட பழைய படத்தைப் பாடக்குறிப்பில் ஒட்டிக்கொள்ளாமல், நிகழ்வுப் பக்கத்திலுள்ள இறுதிப் பதிப்பையே பதிவிறக்க வேண்டும்.

அடுத்ததாகக் காத்மண்டுப் பள்ளத்தாக்கு. இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் இடம் இது என்பதால் நான் இங்கே அதிக நேரம் நிற்பதுண்டு. மலைகள் சூழ்ந்த அந்தத் தட்டையான நிலம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. ஏரி வடிந்து போனது. அது விட்டுச்சென்ற அடையல்கள் இன்னும் இருக்கின்றன. காலிமாட்டி என்று அவ்வூரார் அழைக்கும் கருங்களியும், வண்டலும், மணலும் சில இடங்களில் 500 மீற்றருக்கும் மேலான தடிப்பில் பாறைக் கிண்ணத்தை நிரப்பியிருக்கின்றன. பாறையினூடாக விரைந்து வரும் அலை இந்த மென்மையான நிரப்பலுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய அதன் வீச்சம் பெருக்கிறது. கிண்ணத்தின் சுவர்களில் பட்டுத் திரும்பித் திரும்பி நீண்ட நேரம் உள்ளேயே அலைகிறது. சட்டியோடு எருமைத்தயிரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர் எவருக்கும், வண்டி நின்ற பின்னும் சட்டிக்குள் தயிர் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். சட்டி பாறை, தயிர் அடையல்.

இதற்கு அளவீட்டுச் சான்றும் உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் நேபாளத்தின் திரிபுவன் பல்கலைக்கழகமும் சேர்ந்து பள்ளத்தாக்கில் நிறுவியிருந்த கருவிகளில் ஒன்று கீர்த்திபூரில், பாறையின் மேல் இருந்தது. ஏனையவை அடையலின் மேல் இருந்தன. கீர்த்திபூர்க் கருவி ஒரு பெரிய தள்ளலைப் பதிந்துவிட்டு விரைவில் அடங்கிப்போக, அடையலின் மேலிருந்த கருவிகள் நான்கைந்து செக்கனுக்கு ஒரு முறை என்ற ஆவர்த்தனகாலத்தில் தொடர்ந்து ஊசலாடின. சில கிலோமீற்றர் இடைவெளியில், ஒரே நடுக்கம் இரண்டு வேறு நடுக்கங்களாகிவிட்டது.

அந்த நான்கைந்து செக்கன் என்ற விவரத்தில்தான் காத்மண்டுவின் கதையே இருக்கிறது. கட்டடம் ஒன்றின் சொந்த ஆவர்த்தனகாலத்தை மாடிக்கு ஏறத்தாழ 0.1 செக்கன் என்று பொறியியலாளர் தோராயமாகக் கணக்கிடுவர். நகரின் பெரும்பாலான வீடுகள் மூன்று முதல் ஐந்து மாடி. அவற்றின் ஆட்டம் அரைச் செக்கனுக்குள் அடங்கும். நிலமோ அவற்றின் கீழ் மெதுவாக, பெரிதாக அசைந்தது. இரண்டின் ஆட்டமும் ஒத்துப்போய் வீச்சம் பெருகும் பரிவு ஏற்படவில்லை. அஞ்சப்பட்ட அளவுக்கு அந்நகரின் சாதாரண வீடுகள் விழாமற்போனதற்கு ஒரு முக்கிய காரணம் இதுவே. 1985 செப்ரெம்பர் 19 அன்று மெக்சிக்கோ நகரில் நடந்தது இதற்கு மறுதலை. அதுவும் மலைகளுக்கிடையே வற்றிய ஏரியின் களிமண் மேல் எழுந்த நகரம். மேல்மையம் 350 கிலோமீற்றருக்கு அப்பால் பசிபிக் கரையில் இருந்தும், களிமண் ஏறத்தாழ இரண்டு செக்கன் ஆவர்த்தனகாலத்தில் ஆடியது. நடுத்தர உயரமுள்ள கட்டடங்கள் அதற்குப் பரிவுற்று நூற்றுக்கணக்கில் சரிந்தன. ஆகவே ‘மென்மண் என்றால் ஆபத்து’ என்று பாடக்குறிப்பில் ஒற்றை வரியாக எழுதுவதை நான் விரும்புவதில்லை. எந்த மண், எவ்வளவு தடிப்பு, அதன் மேல் எவ்வளவு உயரக் கட்டடம் என்ற மூன்றும் சேர்ந்தே விடை வரும்.

இதைச் சேவையின் படங்கள் காட்டுமா என்றால், பாதி காட்டும். செறிவுப் படத்தோடு நிறுத்தாமல், உச்ச ஆர்முடுகல், உச்ச வேகம் ஆகியவற்றின் படங்களையும் மாறி மாறித் திறக்க வேண்டும். ஆர்முடுகல் விரைவான குலுக்கலைச் சொல்லும், வேகம் மெதுவான அசைவையும் சேர்த்துச் சொல்லும். காத்மண்டுவில் பதிவான உச்ச ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.16 பங்களவே, அத்தனை பெரிய நடுக்கத்துக்கு அது குறைவு. வேகமோ அந்த ஆர்முடுகலைக் கொண்டு எதிர்பார்க்கக்கூடியதை விட மிக அதிகம். இந்த முரணைப் பிடித்துக்கொண்டால் மீடிறன், பரிவு என்று பௌதிகவியலில் படித்ததை மாணவர் தாமாகவே இங்கே கொண்டுவந்து பொருத்துவார்கள். ஆனால் சேவை தனித்தனியாகப் பிரித்துத் தரும் ஆவர்த்தனகாலப் படங்கள் வழமையாக 0.3, 1, 3 செக்கன் என்ற மூன்றுக்குத்தான். காத்மண்டு ஆடிய நான்கைந்து செக்கன் அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது.

கருவி இல்லாத இடத்துக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? படத்தில் சிறு முக்கோணங்களாகத் தெரிவன கருவிகள். அவற்றைச் சுற்றி அளவீடு உண்டு. எஞ்சிய பரப்பு முழுவதும் கணிப்பு. அந்தக் கணிப்பு, பிளவிலிருந்து தூரம் கூடக் கூட நடுக்கம் எவ்வாறு தேயும் என்ற சமன்பாட்டையும், ஒவ்வோரிடத்தின் நிலம் எவ்வளவு விறைப்பானது என்ற ஒரு மதிப்பையும் கொண்டு செய்யப்படுகிறது. விறைப்பை அளப்பதற்கு உலகெங்கும் வழங்கும் அளவு, மேற்பரப்பிலிருந்து 30 மீற்றர் ஆழம் வரையுள்ள நிலத்தில் குறுக்கலை செல்லும் சராசரி வேகம். செக்கனுக்கு 760 மீற்றரைத் தாண்டினால் பாறை. 180 மீற்றருக்குக் கீழ் என்றால் மிக மென்மையான களி. ஆனால் உலகம் முழுவதும் துளையிட்டு இதை அளந்தவர் யாருமில்லை. அதனால் டேவிட் வோல்ட், ட்ரெவர் அலன் ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் ஒரு குறுக்குவழியைக் கொடுத்தார்கள்: நிலத்தின் சாய்வைப் பாருங்கள்; செங்குத்தாக இருந்தால் கடும்பாறை, தட்டையாக இருந்தால் அடையல் என்று கொள்ளுங்கள். செய்மதி அளந்த உயரத் தரவு உலகெங்கும் உண்டு என்பதால் இது எங்கும் செல்லுபடியாகிறது. அளவீடு இல்லாத இடங்களில் இன்றும் பெருமளவு இதுவே அடிப்படை.

புத்திசாலித்தனமான வழிதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மென்மையான மண் செங்குத்தாக நெடுங்காலம் நிற்காது, ஆறும் ஏரியும் தட்டையான இடத்தில்தான் அடையலை இடும் என்ற எளிய உண்மையில் அது நிற்கிறது. காத்மண்டுப் பள்ளத்தாக்கு தட்டையானது, ஆகவே மென்மையானது என்று அது சரியாகவே சொல்கிறது. எனினும் 30 மீற்றர் என்ற அளவுகோல் மேல்தோலை மட்டும் பார்க்கிறது. பத்து மீற்றர் களிக்குக் கீழே பாறை இருக்கும் ஒரு வயலும், 500 மீற்றர் அடையல் நிறைந்த காத்மண்டுவும் நிலத்துக்குள் முற்றிலும் வேறுபட்ட விதத்தில் ஆடக்கூடியவை. சாய்வு மட்டும் தெரிந்த கணிப்புக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

நிறத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணை நேரே பார்க்க விரும்புவோர், பதிவிறக்கப் பட்டியலில் உள்ள கட்டத் தரவுக் கோப்பைத் திறக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு சிறு சதுர நிலம்: நெட்டாங்கு, அகலாங்கு, செறிவு, ஆர்முடுகல், வேகம் என எண்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ‘எஸ்வெல்’ என்று தலைப்பிட்ட நிரலில் இருப்பதுதான் மேலே சொன்ன குறுக்கலை வேகம். ஒரு சதுரத்தின் எண்ணையும் பக்கத்துச் சதுரத்தின் எண்ணையும் ஒப்பிட்டால், பள்ளத்தாக்கின் ஓரத்தில் மலை எழும்பும் இடத்தில் அந்த எண் துள்ளி உயர்வதையும், அதே இடத்தில் செறிவு ஒரு படி இறங்குவதையும் காணலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அதை உயரப் படத்தின் மேல் விரித்தால் விறைப்பு என்று நாம் எண்ணியிருந்தது மலையின் நிழல்தான் என்பது புரியும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது ஒரு நல்ல செய்முறைப் பயிற்சி.

இனி மலைமுகடுகள். என் பார்வையில் இந்தச் சேவையின் மிகப்பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. அடியிலிருந்து மேலேறும் அலை ஒரு முகட்டுக்குள் நுழைந்ததும், இருபுறச் சரிவுகளிலும் பட்டுத் தெறித்து உச்சியில் குவிகிறது. அலைநீளமும் முகட்டின் அகலமும் ஒத்துப்போகும்போது குவிதல் மிகவும் வலுக்கும். பள்ளத்தில் இருப்பவர் உணர்வதை விட உச்சியில் இருப்பவர் உணர்வது அதிகம். 1971இல் சான் பெர்னாண்டோ நடுக்கத்தின்போது பக்கொய்மா அணைக்கு மேலிருந்த குறுகிய பாறை முகட்டில் புவியீர்ப்பின் 1.25 பங்கு ஆர்முடுகல் பதிவாகியது. 1994இல் டார்சானா என்ற இடத்தில், குன்று என்று சொல்லத் தயங்கும் அளவுக்குச் சிறிய ஒரு மேட்டில் 1.78 பங்கு பதிவாகி ஆய்வாளர்களை வியக்க வைத்தது. நேபாளத்தின் நடுமலைகளில் ஊர்கள் பெரும்பாலும் முகட்டிலும் அதன் தோளிலும் அமைந்தவை, பார்பாக்கும் அப்படியே. கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய வீடுகள், காலங்காலமாக வானிலையால் அழிந்து தளர்ந்த பாறையின் மேல், அலை குவியும் உச்சியில் நின்றன.

சாய்வைக் கொண்டு கணிக்கும் முறை இந்த இடத்தில் என்ன செய்கிறது? செங்குத்தைக் கண்டதும் கடும்பாறை என்று எழுதுகிறது. கடும்பாறை என்றதும் நடுக்கத்தைக் குறைக்கிறது. முகட்டில் அலை குவிவதைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு வழமையான கணிப்பில் கிடையாது. ஆக, கூட்ட வேண்டிய இடத்திலேயே கழிக்கிறது. அதோடு, உலகளாவிய விறைப்புப் படத்தின் ஒரு சதுரம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகலம் கொண்டது. நேபாளத்து முகடு ஒன்றும் அதன் இருபக்கச் சரிவும் சில வேளைகளில் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். மலையூர் ஒன்றைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து ‘இந்த வீடு பச்சையில், அந்த வீடு மஞ்சளில்’ என்று பேசுவது பொருளற்றது. பெரிதாக்கும் பொத்தான் அந்த ஆசையைத் தூண்டுகிறது என்பதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன்.

மலைநாட்டில் நடுக்கம் கொல்லும் வழிகளில் பாதி, குலுக்கலோடு முடிவதில்லை. மண்சரிவு என்றதும் நம் மாணவருக்கு நினைவில் வருவது 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்தது. அது மழை இறக்கிய சரிவு. கோர்க்கா நடுக்கமோ மழையில்லாத ஏப்ரலில் வந்தும் சுமார் 25,000 சரிவுகளை இறக்கியது என ஆய்வாளர்கள் செய்மதிப் படங்களைக் கொண்டு கணக்கிட்டுள்ளனர். அவை மேல்மையத்தைச் சுற்றிக் குவியவில்லை. வடக்கே நடுமலைகள் உயர் இமயமாக எழும்பும் செங்குத்துப் பட்டையில், திரிசூலி, போட்டே கோசி ஆறுகளின் இடுக்குகளில் நிறைந்திருந்தன. லாங்டாங் பள்ளத்தாக்கில் பனியும் பாறையும் சேர்ந்து சரிந்து ஊரையே மூடி 300க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. 2005 ஒக்ரோபர் 8 அன்று காஷ்மீரில் 7.6 பருமன் நடுக்கம் நிகழ்ந்தபோது, முசபராபாத்தை அண்டிப் பிளவுக் கோட்டின் ஓரமாக நொறுங்கிக் கிடந்த டோலமைற்றுப் பாறைகளில் சரிவுகள் நெருக்கமாக விழுந்தன. ஹத்தியான் பாலாவில் விழுந்த ஒரே சரிவு ஏறத்தாழ ஆயிரம் பேரைப் புதைத்து, ஓடைகளை மறித்து ஏரியாக்கியது. அந்த அணை 2010இல்தான் உடைந்தது.

இதற்காக நிகழ்வுப் பக்கங்களில் ‘நிலத் தளர்வு’ என்ற பொருளில் ஒரு தனிப்பிரிவு சில ஆண்டுகளாகச் சேர்க்கப்படுகிறது. குலுக்கலின் வேகம், சரிவின் சாய்வு, பாறை வகை, நிலப்பயன்பாடு, ஈரம் ஆகியவற்றைக் கொண்டு எங்கே மண்சரிவுக்கு வாய்ப்பு, எங்கே மண் திரவமாதலுக்கு வாய்ப்பு என்று இரண்டு படங்களை அது தருகிறது. அதிர்வுப்படத்தோடு இதை அருகருகே வைத்துப் பார்ப்பதையே நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். ஒரே நடுக்கத்தில் மலை சரிகிறது, சமவெளி குழம்புகிறது என்பது அப்போது தெளிவாகும். 1934 ஜனவரி 15 நடுக்கத்தில் நேபாள மலைகளோடு வட பீகாரின் வண்டல் சமவெளியும் அழிந்ததையும், அங்கே நிலம் திரவமாகி வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போனதையும் இந்த இடத்தில் சொன்னால் பாடம் முழுமை பெறும்.

நம் மாவட்டங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும். விறைப்புப் படத்தை மட்டும் தனியாக எடுத்து மட்டக்களப்பின் மேல் விரித்தேன். எழுவான்கரையும் படுவான்கரையும் ஏறத்தாழ ஒரே விதமாகவே தெரிகின்றன, இரண்டும் தட்டைதானே. வகுப்பில் அதைக் காட்டியபோது உன்னிச்சைப் பக்கத்து மாணவி ஒருத்தி ஒப்பவில்லை. “சேர், எங்கட வளவுக்க கிணறு வெட்டக்குள்ள பதினைஞ்சடியில கல்லு வந்திட்டு. வெடி வைச்சுத்தான் தண்ணி கண்டது” என்றாள். கல்லடியிலிருந்து வருபவனோ, தன் வீட்டில் நாலைந்து அடி தோண்டினால் மணலோடு தண்ணீர் ஊறும், கிணறு இடியாமலிருக்கக் கொங்கிறீற்று வளையம் இறக்க வேண்டும் என்றான். இரண்டு கிணறுகள் சொன்னதைச் செய்மதி சொல்லவில்லை.

காரணம் எளிது. கிழக்கிலங்கையின் அடித்தளம் விஜயன் தொகுதியைச் சேர்ந்த, சுமார் நூறு கோடி ஆண்டுப் பழமையான நைஸ் பாறை. குசலான்மலையும் குடும்பிமலையும், அம்பாறை வயல்வெளிகளுக்கு நடுவே தனித்தனியே எழும்பி நிற்கும் மொட்டைப் பாறைகளும் அதன் எச்சங்கள். அந்தப் பாறை தேய்ந்து தேய்ந்து தட்டையானது. ஆறு கொண்டுவந்து கொட்டித் தட்டையானதன்று. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவலடி, கல்லடி, காத்தான்குடி நிலம்தான் கொட்டப்பட்ட மணல். நிலையான கண்டப்பகுதிகளுக்கும் மலையாக்கம் நிகழும் பகுதிகளுக்கும் வெவ்வேறு சாய்வு அட்டவணைகளை வோல்டும் அலனுமே கொடுத்திருக்கிறார்கள். அதனால் தவறு ஓரளவு குறையும். ஆயினும் தட்டை நிலத்தின் வயதைச் சாய்வினால் அறிய முடியாது. இமயத்தில் முகட்டைத் தவறாகப் படிக்கும் அதே குறுக்குவழி, இங்கே வயலைத் தவறாகப் படிக்கிறது. தம் ஊர்க் கிணறுகளின் ஆழத்தையும் அடியில் கண்டதையும் மாணவர் கேட்டு எழுதிவந்து படத்தோடு ஒப்பிடுவது, இந்தச் சேவையைக் கொண்டு நம் பகுதியில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்பேன்.

‘நீங்கள் உணர்ந்தீர்களா?’ என்ற பொருளில் இன்னொரு பிரிவு உண்டு. பொதுமக்கள் கேள்விக்கொத்தை நிரப்ப, அவற்றிலிருந்து செறிவு கணிக்கப்பட்டு அதிர்வுப்படத்திலும் சேர்க்கப்படுகிறது. நல்ல யோசனை, ஆனால் பதில்கள் இணையமும் கைபேசியும் மின்சாரமும் உள்ள நகரங்களில் குவிகின்றன. மிகவும் குலுங்கிய மலையூர் மௌனமாக இருக்கும். கேள்விக்கொத்து தமிழில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரையோர வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. 2004 டிசெம்பர் 26 நடுக்கத்தின் பக்கத்தைத் திறந்தால் சிவப்பெல்லாம் சுமாத்திராவை ஒட்டிக் கிடக்கும். இலங்கை அதிர்வுப்படத்தில் ஒன்றுமில்லாத இடமாகத்தான் தெரியும். அன்று இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதிர்வுப்படம் கடலலையைக் காட்டாது. அதற்கென வரையப்பட்டதும் அல்ல. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 8.6 பருமன் நடுக்கம் வந்து எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது கரையை விட்டு மக்கள் விலகியது சரியான செயல். படத்தில் நம் நிறம் என்னவென்று பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இது பொருத்தமான சாதனம் அன்று.

உள்நாட்டுச் சிறு நடுக்கங்களுக்கும் இது உதவாது. அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் 4.5 பருமனை அண்டியதும் மிஞ்சியதுமான நடுக்கங்களே இந்தப் பட்டியலில் முறையாக இடம்பெறும். 2020 ஓகஸ்ற் 29 முதல் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டி உணரப்பட்ட அதிர்வுகள் அதனிலும் மிகச் சிறியவை. அவற்றுக்கு நாம் நோக்க வேண்டியது நம் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தை. பல்லேகல, ஹக்மன, மகாகனதராவ ஆகிய இடங்களோடு அம்பாறையின் புத்தங்கலவிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. பாறை மேட்டில் கருவியை வைத்தால்தான் மண்ணின் சொந்த ஆட்டம் கலக்காத தூய பதிவு கிடைக்கும் என்பதற்கு மாணவரிடம் சுட்டிக்காட்ட அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு அதுவே. பணியகத்தின் தகவல்கள் பருமனும் இடமும் கூறும் செய்தியாகவே பெரும்பாலும் நம்மை வந்தடைகின்றன. செறிவு படமாக வந்தால் மலையக ஆசிரியர்களுக்கும் பெருமளவு பயன்படும்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள். பக்கம் முழுதும் ஆங்கிலத்தில் இருப்பதால், நிறங்களுக்கான விளக்க அட்டவணையைத் தமிழில் எழுதி முன்கூட்டியே பிரதி எடுத்துக் கொடுப்பது அவசியம். கைபேசியில் ஊடாட்டப் படம் இயங்கும், ஆயினும் செறிவு, வேகம், ஆர்முடுகல் மூன்றையும் ஒப்பிடுவதற்கு மடிக்கணினியும் எறியியும் வேண்டும். வகுப்பறையில் இணையத்தை நம்பி இருக்காமல், படக் கோப்புகளையும் கட்டத் தரவையும் முதல் நாளே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியில் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகிவிடும். வர்ணப் பிரதிக்கு வழியில்லாவிட்டால், நிறங்களை விட்டுவிட்டுச் செறிவுக் கோடுகளை மட்டும் காட்டும் கோப்பை அச்சிடலாம். நிச்சயமின்மைப் படம் என்று ஒன்றும் அதே பட்டியலில் இருக்கிறது. கருவிகளிலிருந்து விலக விலகக் கணிப்பு எவ்வளவு தளர்கிறது என்பதை அது காட்டும். கோர்க்காவுக்கு அதைத் திறந்து, காத்மண்டுவைச் சுற்றியுள்ள இடத்தையும் மலைகளையும் மாணவரையே ஒப்பிடச் சொல்லுங்கள்.